எலிக்கணக்கு

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கைப்பிடி அரிசி அளந்தார்கள். நம் வீட்டு அரிசி ஆறு படி. இந்த மாதமும் கோயில் பெண்கள் சங்கத்தில் நாம்தான் முதல். பதினோரு வருடமாக வருடக் கடைசியில் தரும் எவர்சில்வர் டம்ளரும் நமக்குத்தான். ஸ்தோத்திரம்.

புதிதாக வந்திருக்கும் போதகரின் மனைவி, ஐயரம்மா, திருச்சிப் பக்கம். அவர்களுக்கு நம் வழக்கம் தெரியவில்லை. "இது என்ன காணிக்கைம்மா?" என்று என்னிடமே கேட்டார்கள். காலையும் மாலையும் உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியை ஆண்டவருக்கென்று தனிப்பானையில் போட வேண்டும், மாதம் முதல் ஞாயிறு கோயிலில் கொண்டுவந்து அளக்க வேண்டும், அறுப்புப் பண்டிகையில் எல்லோருக்கும் பந்தி போடும் அசனச் சோறு இந்த அரிசியில்தான் என்று சொன்னேன்.

"மத்தவங்க எல்லாம் ரெண்டு படி, ரெண்டேகால் படி. நீங்க மட்டும் ஆறு படியா? கை அவ்வளவு பெருசா?" என்று என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார்கள்.

"கை இல்ல ஐயரம்மா, மனசு பெருசு," என்றாள் ரத்னபாய். அவள்தான் எப்போதும் இரண்டாவது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மத்தியானம் பலசரக்கு எழுதும் வீட்டு நோட்டை முடித்தேன். அரிசிக் கணக்கில் நாலு படி குறைந்து இடிக்கிறது. எலி என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

புது எலிப்பொறி வாங்கி அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தேன். உள்ளே கருவாட்டுத்தலை.

என் வீட்டுக்காரர், எப்சி அப்பா, நாற்காலியில் இருந்தபடியே, "எந்த எலிக்கு?" என்றார்கள்.

"அரிசி திங்கிற எலிக்கு."

"ம்," என்று பேப்பரைத் திருப்பினார்கள். வாதம் வந்து வலது கை விழுந்து ஐந்து மாதம். இடது கையாலேயே பேப்பர் திருப்பப் பழகிவிட்டார்கள். முப்பது வருடம் கரண்ட் கம்பத்தில் ஏறிய கை.

ஆகஸ்ட் 12, சனி

காலை ஜெபத்தில் முப்பத்திரண்டு பேருக்காக வேண்டிக்கொள்ளும் பட்டியல். பதினாலாவது பெயரில் அடுப்பில் பால் இருப்பது ஞாபகம் வந்தது. பாலைப் பார்க்கப் போனவள் முருங்கைக்கீரை உருவி, கொல்லைக் குழாயில் துணி அலசி, திரும்பி வந்தபோது பால் சட்டி கரிந்திருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு முதல் பெயரிலிருந்து தொடங்கினேன்.

எட்டு நோட்டு வைத்திருக்கிறேன். பால், கேஸ், வீட்டுப் பலசரக்கு, கோயில் அரிசி, மாத்திரை, சலவை, பண்டிகை, இரவல். ஒவ்வொன்றும் அதனதன் ஆணியில் சணல் கட்டித் தொங்குகிறது. வீட்டுச் சாவி என் கழுத்தில். வந்தவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனாலும் ஜெபத்தில் மனம் நிற்காததற்கு ஒரு நோட்டும் உதவவில்லை. இது என் விசுவாசக் குறைவு. வெள்ளிதோறும் உபவாசம் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

மாலை உலைக்கு அரிசி எடுத்தபோது பிடி போட்டேனா என்று சந்தேகம். இன்னொரு பிடி போட்டேன். ஆண்டவர் காரியத்தில் குறைவைவிடக் கூடுதல் மேல்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

நேற்று எழுதவில்லை. நேற்று ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

காலை ஏழரைக்கு எப்சி அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்தேன். போன் வந்தது. பேசிவிட்டு வந்து மாத்திரை கொடுத்தேன். இட்லி அவிந்துகொண்டிருந்தது. எட்டரைக்கு அவர்களுக்கு வேர்த்து ஊற்றியது, வாய் குழறியது. திரும்பவும் வாதம் என்று நினைத்து ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினேன். டாக்டர் சர்க்கரை இறங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "எத்தனை மாத்திரை குடுத்தீங்க?" என்றார்.

"ஒண்ணு," என்றேன். நான் பொய் சொல்லவில்லை. மாத்திரை நோட்டில் ஒரு டிக்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அட்டையை எண்ணியபோதுதான் ஒன்று குறைந்தது.

"ரெண்டாவது தடவை நான் நீட்டும்போது நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நீ குடுத்தா முழுங்குவேன்," என்றார்கள். "என்னத்துக்குன்னு கேட்டா கம்பத்துல ஏறவே முடியாது. கீழ லைன ஆஃப் பண்ணிட்டேன்னு ஒருத்தன் சொன்னா நம்பித்தான் ஏறுவோம்."

கர்த்தர் காப்பாற்றினார். என் நோட்டு சரியாகத்தான் இருந்தது. அவர்கள்தான் கட்டிலில் கிடந்தார்கள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தூத்துக்குடியிலிருந்து எப்சி அப்பாவின் அக்கா, எஸ்தர் மைனி வந்தார்கள். தம்பியைப் பார்த்ததும் அழுதார்கள். பிறகு அடுப்படிக்கு வந்தார்கள்.

"ஏ சுகிர்தம், எட்டு நோட்டு கெட்டித் தொங்கப் போட்டிருக்கியே, என் தம்பிய எந்த நோட்டுலளா எழுதி வச்சிருக்க?"

ஆணியில் கோணித் தொங்கிய பால் நோட்டை நேராக்கினேன்.

"மாத்திரை விஷமில்லையா? இன்னைக்கு ரெண்டு குடுத்த. நாளைக்கு நாலு குடுப்ப. எங்க வீட்ல மருமவ நர்சு. மாடியில ரூம் சும்மாதான் கெடக்கு. கூட்டிட்டுப் போயிருதேன்."

"மைனி, ஒரே ஒரு தடவ..."

"ஒரே ஒரு தடவதான் ஆள் போவும்."

கடைசியில் எப்சி அப்பாதான் தவணை வாங்கிக் கொடுத்தார்கள். அக்டோபர் வரைக்கும் பார்ப்பது. அதற்குள் மாத்திரையில் ஒரு பிசகு வந்தாலும் மைனியோடு போய்விடுவது. பிசகு இல்லாவிட்டாலும் மைனி வந்து நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

முப்பது வருடத்தில் அவர்கள் இல்லாமல் இந்த வீட்டில் நான் ஒரு நாள் இருந்ததில்லை. டூட்டிக்குப் போன ராத்திரிகள் தவிர.

ஆகஸ்ட் 26, சனி

மகள் எப்சி கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறாள். வந்ததிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் துவையலுக்குத் தேங்காய் எடுக்கப் போய், வழியில் ஜன்னல் துடைத்து, தேங்காய் இல்லாமல் அடுப்படிக்குத் திரும்பினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். கண் கலங்கியிருந்தது.

"எம்மா, உக்காருங்க. ஒண்ணு சொல்லணும். எனக்கு ஏ.டி.எச்.டி.ன்னு ஒண்ணு இருக்கு. கவனம் ஒரு இடத்துல நிக்காது. ஒரு வருசமா மாத்திரை சாப்பிடுதேன்."

"ஒரு வருசமாவா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உபவாசம் இருக்கச் சொல்லுவீங்க."

சொல்லியிருப்பேன். 

"உங்களுக்கும் அதுதான்னு நினைக்கேன்மா. எங்க டாக்டர் குடும்பத்துல யாருக்கும் இருக்கான்னு கேட்டாங்க. நான் உங்க எட்டு நோட்டப் பத்திச் சொன்னேன்."

போனில் ஒரு கேள்வித்தாளை எடுத்து வாசித்தாள். தொடங்கிய வேலையை முடிக்காமல் விடுவீர்களா? "சில நேரம்," என்றேன். முன் அறையிலிருந்து எப்சி அப்பா, "எப்பவும்," என்று சத்தம் கொடுத்தார்கள். அன்றாடம் பொருளைத் தொலைப்பீர்களா? "எப்பவாவது." "சாவி கழுத்துல தொங்குதுல்லா, அதக் கேளு," என்றார்கள். ஒருவர் பேசும்போது மனம் வேறெங்காவது போகுமா? அந்தக் கேள்வியை அவள் மறுபடி வாசிக்க வேண்டியிருந்தது. குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டு எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

ஏழு படி. கை தட்டினார்கள்.

வீட்டு நோட்டில் அரிசி ஐந்து படி இடிக்கிறது. எலி பெருத்துவிட்டது.

செப்டம்பர் 5, செவ்வாய்

எப்சி இரண்டு வாரம் லீவு போட்டு இருந்து, ரத்தம், தைராய்டு எல்லாம் பார்க்க வைத்து, இன்று திருநெல்வேலியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். பெரிய வயது இல்லை, எப்சியைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். நான் எட்டு நோட்டையும் பையில் எடுத்துப் போயிருந்தேன். இவ்வளவு ஒழுங்காக இருப்பவளுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லட்டும் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். மூடி வைத்தார்கள். "ஒரு வீட்டுக்கு இத்தனை நோட்டு எதுக்கும்மா வேணும்?"

"இல்லைன்னா மறந்துரும்."

"இந்த நோட்டெல்லாம் இல்லாம ஒரு நாள் இருந்து பாத்திருக்கீங்களா?"

நோட்டுகளை எடுத்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டேன். 

சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என் பெயரே பராக்கு என்றேன். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சைக்குப் போகிற வழியில் கிணற்றுக்குள் ஒரு ஆமையைப் பார்த்தேன். அது தலையை உள்ளே இழுப்பதும் வெளியே நீட்டுவதுமாக இருந்தது. நிமிர்ந்தபோது பரீட்சை முடிந்து பிள்ளைகள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அப்பா, "பராக்குக்கு என்னத்துக்குப் படிப்பு," என்று நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கடலை மடித்த பேப்பரிலும் எப்சியின் பாடப் புத்தகத்திலும் நானாகப் படித்தது. கணக்கு எழுதுவது எப்சி அப்பாவின் யூனியன் பேரேட்டைப் பார்த்து.

இதையெல்லாம் சிரிப்பாகத்தான் சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்கள்.

பிறகு மாத்திரை இரண்டு கொடுத்ததைப் பற்றிக் கேட்டார்கள். "முதல் மாத்திரை குடுத்தது மறந்துபோச்சு," என்றேன்.

"மறக்கலம்மா. குடுக்கும்போதே நீங்க அங்க இல்ல. கை குடுத்துச்சு, மனசு வேற எங்கயோ நின்னுச்சு. மனசு பாக்காதது ஞாபகத்துல எப்படி இருக்கும்? ஆறு மாசமா நோயாளியப் பாக்குற பாரமும் சேர்ந்துக்கிச்சு. இத்தனை வருசம் நோட்டால முட்டுக்குடுத்து நிறுத்துன வீடு, இப்ப ஆடுது."

பிரஷர் பார்த்தார்கள், இ.சி.ஜி. எடுத்தார்கள். மாத்திரை எழுதினார்கள். "சின்ன அளவுல தொடங்குவோம். எல்லாருக்கும் ஒண்ணு போல கேக்காது. படபடப்பு இருந்தா உடனே சொல்லணும். இது ஒத்துக்கலைன்னா வேற இருக்கு. வெறும் வயித்துல வேண்டாம், உபவாசத்த இப்போதைக்கு நிறுத்துங்க."

"டாக்டரம்மா, இதச் சாப்பிட்டா ஜெபத்துல மனசு நிக்குமா?"

பேனாவை மூடி வைத்தார்கள். "ஜெபத்துக்கு உக்காந்தா உக்காந்திருக்க முடியும்னு நினைக்கிறேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா."

செப்டம்பர் 7, வியாழன்

மாத்திரை வாங்கி இரண்டு நாளாகிறது. பிரிக்கவில்லை. உள்ளே மடித்து வைத்திருந்த தாளை அகராதி வைத்து முழுவதும் வாசித்தேன்.

பன்னிரண்டு வருடமாக முழங்காலில் நின்று கேட்டது, என் மனதை ஒரு இடத்தில் நிறுத்தும் என்பதுதான். அது அட்டையில் பத்துப் பத்தாக வருமென்றால், நான் இத்தனை நாள் கேட்டது யாரிடம்? இதை எழுதவே பயமாக இருக்கிறது.

எப்சி அப்பாவிடம் சொன்னேன். "என் கைக்கு எண்ணெய் தேய்க்கத் தெனமும் ஆள் வாரான்லா, அவன் வாரதுனால உன் ஜெபத்துக்கு மதிப்புக் கொறஞ்சிட்டா?" என்றார்கள்.

"அது கை."

"இது தலை. அம்புட்டுதான."

செப்டம்பர் 9, சனி

இட்லி இரண்டு தின்றுவிட்டு எட்டு மணிக்கு மாத்திரை போட்டேன். எப்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வாய் உலர்ந்தது. நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், படபடப்பு இல்லை. பசி கொஞ்சம் மந்தம்.

பத்தரைக்கு ஒன்று கவனித்தேன். வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்திருந்தேன். வெண்டைக்காய் முடிந்திருந்தது. இடையில் நான் எழுந்திருக்கவே இல்லை.

எப்சியிடம் தட்டைக் காட்டினேன். அவளுக்கு விளங்கிவிட்டது. கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

செப்டம்பர் 10, ஞாயிறு

எப்சி ஊருக்குப் போய்விட்டாள். காலை, மாலை என்று அறை பிரித்த மாத்திரைப் பெட்டி ஒன்று அவள் அப்பாவுக்கு வாங்கி வைத்துவிட்டுப் போனாள். சனிக்கிழமை நிரப்ப வேண்டும். அறை காலியாக இருந்தால் கொடுத்தாயிற்று.

கோயிலிலிருந்து வந்து மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் பட்டியலை எடுத்து முழங்காலில் நின்றேன். பதினாலு தாண்டியது. இருபது தாண்டியது. தெருவில் மீன்காரி சத்தம் கேட்டது. கேட்டது, அவ்வளவுதான். அவளோடு போகவில்லை. முப்பத்தொன்றும் முடிந்து முப்பத்திரண்டாவது பெயருக்கு வந்தேன்.

எஸ்தர் மைனி.

இந்தப் பட்டியல் எழுதிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மைனிக்காக நான் ஒரு தடவைகூட ஜெபித்ததில்லை. வேண்டுமென்று இல்லை, நான் அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்ததே இல்லை.

செப்டம்பர் 14, வியாழன்

இன்று காரணமில்லாமல் அழுதேன். காரணம் உண்டு. எட்டாம் வகுப்பில் யாராவது இதைக் கண்டுபிடித்திருந்தால்? டீச்சருக்குப் படித்திருப்பேன். அப்பாவையும் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கு இது தெரியாது. ஐம்பத்திரண்டு வயதுவரை எனக்கே தெரியாது.

எப்சிக்கு போன் செய்தேன். "எனக்கும் மொத மாசம் அப்படித்தாம்மா அழுகையா வந்துச்சு," என்றாள். 

அந்த ஆமையைக் குறை சொல்ல மாட்டேன். அது நல்ல ஆமை.

செப்டம்பர் 19, செவ்வாய்

மாலை நாலு மணிக்கு மேல் மாத்திரை இறங்கிவிடுகிறது. இன்று பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடியது. டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். "முக்கியமான வேலைய அதுக்கு முன்னாடி வச்சுக்கோங்க. எல்லாத்தையும் மாத்திரை பாத்துக்காது," என்றார்கள். எப்சி அப்பாவின் மாலை மாத்திரைக்கு போனில் மணி வைத்திருக்கிறேன். மணி அடித்தால் கையில் எது இருந்தாலும் கீழே வைத்துவிட்டுப் பெட்டிக்குப் போவது. மாலைப் பிடியையும் மாலையில் போடுவதில்லை. காலையிலேயே இரண்டு பிடியாகப் போட்டுவிடுகிறேன்.

நோட்டு எட்டும் அதனதன் ஆணியில்தான் இருக்கிறது. எதையும் கழற்றவில்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

பொறியில் இதுவரை ஒன்றும் விழவில்லை. கருவாட்டுத்தலை மாற்றுவது இது ஐந்தாவது தடவை.

செப்டம்பர் 30, சனி

மைனி பெரிய பையோடு வந்திறங்கினார்கள். "புதன்கிழமை வரைக்கும் இருப்பேன். பொறவு சொல்லுதேன், தனியாப் போறனா, ரெண்டு பேராப் போறமான்னு."

நான் பெட்டியில் மாத்திரை நிரப்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். என் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து வாசித்தார்கள். "இது என்னது? பைத்தியத்துக்குக் குடுக்கிறதா?"

"கவனத்துக்கு, மைனி."

"எங்க காலத்துல கவனத்துக்கு முதுகுல ரெண்டு வைப்பாவ."

"எனக்கும் வச்சாங்க. நிக்கல."

மைனி அட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அக்டோபர் 1, ஞாயிறு

இரண்டரை படி.

யாரும் கை தட்டவில்லை. ரத்னபாய் இரண்டேமுக்கால். அவள் பெயரை முதலாவதாக வாசித்தபோது அவளே திரும்பி என்னைப் பார்த்தாள். வெளியே வரும்போது ஐயரம்மா என் தோளைத் தொட்டு, "வீட்ல ஏதும் கஷ்டமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்கள். இல்லை என்றேன். நம்பவில்லை என்று கண்ணில் தெரிந்தது.

அக்டோபர் 2, திங்கள்

காலை வேலை முடிந்து வீட்டு நோட்டை எடுத்தேன். அரிசி அரைப்படிதான் இடித்தது. எலி அரைப்படி என்று எழுதப் போனேன். கை நின்றது.

கோயில் அரிசி நோட்டை ஆணியிலிருந்து எடுத்து வீட்டு நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பதினோரு வருடமாக இரண்டும் வேறு வேறு ஆணியில் தொங்கின. பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் முதலில் அளந்தது ஆறு படி, எலி நாலு. செப்டம்பரில் ஏழு படி, எலி ஐந்து. நேற்று இரண்டரை, எலி அரை. எந்த மாதத்தை எடுத்தாலும் எலியைக் கழித்தால் மிஞ்சுவது இரண்டு படி. பழைய நோட்டுகளையும் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். அப்படியேதான்.

எப்சி அப்பா முன்னால் இரண்டு நோட்டையும் கொண்டு போய் வைத்தேன். அவர்கள் நோட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்கள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"கம்பத்துல ஏறுனவனுக்குக் கரண்ட் எங்க கசியுதுன்னு தெரியாதா?"

"ஏன் சொல்லல?"

"மாசத்துல ஒரு நாள் உன் பேர வாசிப்பாவ. அப்ப மட்டும் நீ தலைய நிமித்தி உக்காருவ. மத்த நாளெல்லாம் எதையோ தொலைச்ச மாதிரியேதான் இருப்ப." பேப்பரைத் திருப்பிக்கொண்டே, "கோயிலுக்குத்தான போச்சு," என்றார்கள்.

"அதுக்காக என்னப் பொறி வைக்க விட்டீங்களா?"

"கருவாட்டுத்தலைய எல்லாம் பக்கத்து வீட்டுப் பூனை தின்னுச்சு. அதுக்கும் அஞ்சு வாட்டி அசனம்."

கோபத்தில் நோட்டால் அடிக்கப் போனேன். விழுந்த கையில் பட்டுவிடும் என்று நிறுத்தினேன். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தோம். அடுப்படியிலிருந்து மைனி, "என்ன சிரிப்பு?" என்று கேட்டார்கள். "எலி மைனி," என்றேன்.

அக்டோபர் 3, செவ்வாய்

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

பதினொரு மணிக்கு ஐயரம்மாவும் ரத்னபாயும் சங்கத்தில் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். ஆட்டோவிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. பத்துப் படி அரிசி.

"தப்பா நினைக்காதீங்கம்மா," என்றார்கள் ஐயரம்மா. "சார் உடம்பு முடியாம இருக்காங்க. மருந்துச் செலவு இருக்கும். ஞாயித்துக்கிழமை சங்கத்துல அளந்த பிடியரிசியில இத உங்களுக்குன்னு எடுத்து வச்சோம்."

ரத்னபாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பதினோரு வருசம் ஆறு படி குடுத்த கைளா இது. ஒரு மாசம் ரெண்டரை ஆயிட்டுன்னா எங்களுக்குத் தெரியாதா?" 

மைனி வாசல் நிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்சி அப்பா பேப்பரை மடியில் வைத்துவிட்டார்கள்.

கஷ்டம்தான் என்று தலையை ஆட்டியிருக்கலாம். எலி என்று சொல்லியிருக்கலாம், நோட்டில் அப்படித்தான் எழுதியும் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் மைனிக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம், நாளைக்கே இரண்டு பேராகப் போய்விடுவார்கள். இதெல்லாம் ஒவ்வொன்றாக, வரிசையாகத் தெரிந்தது. என் மனம் எங்கும் ஓடவில்லை. ஓடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் அந்த மூட்டையில் இருப்பது ஆண்டவருக்கென்று எடுத்த பிடி. பொய் சொல்லி அதை உலையில் போட முடியாது.

"வீட்ல கஷ்டம் இல்ல ஐயரம்மா. நான் எல்லாரையும் போல ரெண்டு படிதான் குடுத்திருக்கணும். மிச்சம் எல்லாம் போட்டேனா போடலையான்னு தெரியாம மறுபடி மறுபடி போட்டது. எனக்குக் கவனம் நிக்காத ஒரு கோளாறு இருக்கு. சின்னப் பிள்ளையில இருந்தே இருக்கு. இப்பதான் தெரியும். மாத்திரை சாப்பிடுதேன். ஒரு மாசமாப் போட்ட பிடி ஞாபகத்துல நிக்கி. அதான் ரெண்டரை."

 ஆட்டோக்காரர்கூட வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப..." என்றாள் ரத்னபாய். "அந்தப் பதினோரு டம்ளரு?"

"எடுத்துத் தந்துருதேன்."

"எடு எடு. எல்லா வருசமும் நாந்தான் ரெண்டாவது," என்றாள். சொல்லிவிட்டு அவளே பொத்துக்கொண்டு சிரித்தாள். ஐயரம்மாவும் சிரித்தார்கள். நான் நிஜமாகவே உள்ளே போய்ப் பதினோரு டம்ளரையும் எடுத்து வந்தேன். அதிலேயே எல்லோருக்கும் காப்பி போட்டேன். அரிசி மூட்டை அசனத்துக்கே திரும்பிப் போனது.

அவர்கள் போனதும் மைனி உள்ளே வந்தார்கள். சிரிக்கவில்லை.

"மறதின்னு நீயே ஊர் கேக்கச் சொல்லிட்ட. இனி எந்த நம்பிக்கையில என் தம்பிய ஒங்கிட்ட விட்டுட்டுப் போக?"

"நம்ப வேண்டாம் மைனி. எண்ணிப் பாருங்க." எப்சி அப்பாவின் மாத்திரைப் பெட்டி, அட்டைகள், என் அட்டை, நோட்டு எல்லாவற்றையும் மைனி மடியில் கொண்டு வைத்தேன்.  மைனி தொடவில்லை.

அக்டோபர் 4, புதன்

விடிந்து பார்த்தால் மைனியின் பை வாசலில் இருந்தது. ஒரு பைதான்.

"நேத்து எதுக்கு எண்ணணும்?" என்றார்கள் மைனி. "சனிக்கிழமை வந்து இறங்குனதுல இருந்து எண்ணிக்கிட்டுதான இருக்கேன். நீ குளிக்கப் போவும்போது எண்ணுவேன். தூங்கப் போனதும் எண்ணுவேன். தம்பிக்கு ஒரு மாத்திரை கூடல, கொறையல. நீ வாங்குன பில்லை வச்சு போன மாசம் பூராவும் எண்ணிட்டேன்."

அழுகை வந்துவிட்டது.

"இரி, அழாத. உன் அட்டையையும் எண்ணுனேன். ஞாயித்துக்கிழமை நீ உன்னத முழுங்கல."

யோசித்துப் பார்த்தேன். ஞாயிறு காலை அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்ட அவசரம். உண்மைதான்.

"அவனோடத மறக்காம, உன்னோடத மறந்திருக்க," என்றார்கள் மைனி. பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "தெனம் எட்டு மணிக்கு போன் பண்ணுவேன். தம்பிகிட்ட பேசுததுக்கு இல்ல. நீ முழுங்கிட்டியான்னு கேக்கதுக்கு. முழுங்கிட்டு எடுக்கணும், கேட்டியா?"

எப்சி அப்பா வழியனுப்ப வாசல்வரை கம்பை ஊன்றி வந்தார்கள். மைனி தனியாகத்தான் போனார்கள்.

அக்டோபர் 6, வெள்ளி

சங்கத்தில் ஒருவர் இன்று கொல்லைவாசல் வழியாக வந்து அந்த டாக்டரம்மாவின் நம்பர் கேட்டார்கள். மகனுக்கு என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். போகும்போது, "எனக்கும்தான்," என்றார்கள். யார் என்று இங்கே எழுத மாட்டேன்.

அக்டோபர் 9, திங்கள்

எலிப்பொறியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

காலை பட்டியலில் மைனியை முப்பத்திரண்டிலிருந்து மூன்றாவதாக மாற்றி எழுதினேன். மாத்திரை இறங்கின நேரத்திலும் எட்டுகிற தூரம். எட்டு மணிக்கு போன் அடித்தது. "முழுங்கிட்டியா?" "முழுங்கிட்டேன் மைனி." "சரி, வை." அவ்வளவுதான் பேச்சு.

உலைக்கு அரிசி எடுத்தேன். ஆண்டவர் பானையில் காலைக்கு ஒரு பிடி, மாலைக்கு ஒரு பிடி. போட்டபோது அங்கேயே இருந்தேன். முன் அறையில் எப்சி அப்பா இடது கையால் பேப்பர் திருப்புகிற சத்தம் கேட்டது. பானையை மூடப் போனேன். திறந்து, மூன்றாவதாக ஒரு பிடி போட்டேன்.

இது தெரிந்து போட்டது. கோயில் நோட்டில் எழுதிவிட்டேன்.